தோட்டத்துக் கதை: முதல் நாவலை எந்த இடத்தில் தொடங்குவது?

சிப்புட் வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயது 38. பதினொரு வயது வரை ஊருக்கு வெளியே இருந்த ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், பாட்டி தாத்தாவோடு வளர்ந்தேன். 1997இல் பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நடத் தொடங்கினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள், ஓய்வு வயதைத் தாண்டிவிட்ட பாட்டி லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. இன்று அங்கே லயமும் இல்லை, வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகையும் இல்லை. காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுத்த பெரட்டுக் களத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் மட்டும் செம்பனைகளுக்கு நடுவே நிற்கிறது. அந்தத் தோட்டத்தை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்று மூன்று ஆண்டுகளாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

பாட்டிக்கு இப்போது 84 வயது. நினைவு இன்னும் தெளிவாக இருக்கிறது. அவர் பேசியதை 14 மணி நேரம் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். என் சிக்கல் செய்தி போதாமை அன்று, செய்தி மிகுதிதான். என் கணினியில் ‘அத்தியாயம் 1’ என்ற பெயரில் நான்கு கோப்புகள் இருக்கின்றன. முதலாவது, பாட்டியின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலில் ஏறுவதிலும், பினாங்குக்குள் விடுவதற்கு முன் ஜெரெஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக்காக அடைத்து வைக்கப்படுவதிலும் தொடங்குகிறது. இரண்டாவது, ஜப்பானியர் காலத்தில் அவர் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாமலே போனதில் தொடங்குகிறது. மூன்றாவது, 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதிலும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதிலும் தொடங்குகிறது. நான்காவது, தோட்டத்தின் அழகை வருணிப்பதில் தொடங்கி அதிலேயே நின்றுவிட்டது. எதுவும் பன்னிரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. நான்கையும் படித்த என் கணவர், பள்ளிப் பாடநூலைப் போல இருக்கிறது என்றார். அவர் சொன்னது உண்மை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

பாட்டியின் பேச்சில் பெரிய செய்திகளுக்கு நடுவே சின்னச் சின்னச் செய்திகளும் நிறைய வருகின்றன: கள்ளுக்கடைச் சண்டை, தீமிதித் திருவிழா, தாத்தா சமையலறை ஜன்னல் கதவைக் கழற்றி எனக்கு எழுதுமேசை செய்து கொடுத்ததால் வீட்டை ஒப்படைத்த நாளில் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியோடு ஏற்பட்ட வாக்குவாதம், ஆயாக் கொட்டகைக் கஞ்சி. இவற்றை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. பேச்சுத் தமிழில் எழுதுவதா, எழுத்துத் தமிழில் எழுதுவதா என்பதிலும் குழப்பம் இருக்கிறது. உறவினர்கள் தங்களை அடையாளம் கண்டுகொண்டால் என்ன செய்வது என்ற அச்சமும் உண்டு. நாவல் எழுதி முடித்தவர்கள் யாரேனும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

---

தைப்பிங் ஆசிரியர் எழுதுகிறார்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். நான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு நாவல்கள் எழுதியிருக்கிறேன். முதல் நாவலுக்கு ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. அதில் ஏழு ஆண்டுகள் தொடக்கத்தைத் தேடியே கழிந்தன. ஆகவே உங்கள் நான்கு கோப்புகளையும் நான் நன்றாகவே அறிவேன்.

உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். ஜன்னல் கதவைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கஞ்சிக்குப் போய்விட்டீர்கள். உங்கள் நாவல் அந்த வரியில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏன் என்று சொல்கிறேன். கப்பலில் தொடங்கினாலும் ரயில் பாதையில் தொடங்கினாலும் உங்கள் மனிதர்கள் ஏற்றப்படுகிறார்கள், அடைக்கப்படுகிறார்கள், கொண்டுபோகப்படுகிறார்கள். வரலாறு அப்படித்தான் நடந்தது என்பது உண்மை. ஆனால் ‘படுகிறார்கள்’ என்றே முடியும் வாக்கியங்களுக்குள் ஒரு மனிதரை உயிரோடு நடமாட வைப்பது கடினம். அதனால்தான் பாடநூல் வாசம் வருகிறது. ஜன்னல் கதவுக் கதையில் அப்படி இல்லை. பாட்டிக்கு ஒன்று வேண்டும்: அந்த மேசையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கிராணிக்கும் ஒன்று வேண்டும்: கம்பெனியின் பொருள் கணக்கில் குறையக் கூடாது. பலகை கம்பெனியுடையது, மேசை உங்களுடையது, இரண்டும் ஒரே மரம். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் இருவரில் ஒருவர்தான் அதை எடுத்துக்கொண்டு போக முடியும். வாசகர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நீங்கள் பதிவு செய்திருக்கும் வரலாறு அனைத்தும் இந்த ஒரு தகராறுக்குள் தானாக வந்து சேரும். நாற்பது ஆண்டு குடியிருந்த வீட்டின் ஒரு பலகைகூட ஏன் பாட்டிக்குச் சொந்தமில்லை என்று வாசகர் கேட்பார். அப்போது அவருடைய அப்பா எப்படி வந்தார் என்பதைச் சொல்லலாம். உங்கள் ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர்கள் தவணை தவணையாகப் பணம் கட்டித் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள் அல்லவா? உங்கள் தோட்டம் ஏன் அப்படி வாங்கப்படவில்லை என்று தாத்தா ஒரு நாள் புலம்பியிருக்கலாம். அந்தப் புலம்பலுக்கு இடம் இங்கே இருக்கிறது. அத்தியாயம் 1இல் இல்லை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். என் முதல் நாவலின் கையெழுத்துப் படியில் முதல் பதினோரு அத்தியாயங்கள் தோட்டம் உருவான வரலாறு. பன்னிரண்டாவது, ஒரு மழைக்காலை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டின் வழியே பீலிக்கு ஓடாமல் மரத்தின்மேல் படர்ந்துவிடும், பாலைப் பிடிக்கும் மங்கில் மழைத்தண்ணீர் நிறைந்துவிடும். எழுபது பேர் இருட்டில் பெரட்டில் நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். வெட்டினால்தான் அன்றைய கூலி. வேலையை மேற்பார்க்கும் தண்டல், ‘நிற்கலாமா, வீட்டுக்குப் போகலாமா’ என்று சொல்ல மாட்டேன் என்கிறார். அந்தக் கூட்டத்தில் ஒரு தாய்க்கு அன்று மாலைக்குள் மகனின் பள்ளிப் பயணத்துக்கு எட்டு வெள்ளி தேவைப்படுகிறது. அந்த அத்தியாயத்தை எழுதும்போது என் கை நிற்கவில்லை. பல மாதங்கள் கழித்து நண்பர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, இதற்கு முன்னால் இருக்கும் பதினொன்றும் நீங்கள் நாவலுக்குள் வந்து சேர்வதற்காக நடந்த நடை, வாசகரை ஏன் நடக்க வைக்கிறீர்கள் என்று கேட்டார். பதினொன்றையும் எடுத்துவிட்டேன். அவற்றில் இருந்த செய்திகளில் பாதி பின்னர் வெவ்வேறு இடங்களில் இரண்டு மூன்று வரிகளாகத் திரும்பி வந்தன. மீதிப் பாதி தேவைப்படவே இல்லை.

இப்போது உங்களிடம் சில கேள்விகள். எந்தப் பக்கத்து ஜன்னல் அது? கதவைக் கழற்றிய பிறகு அங்கே எதைத் தொங்கவிட்டீர்கள்? மழைச்சாரல் அடுப்பில் விழுந்ததா? மேசையான பிறகும் அதில் கீல் இருந்த பள்ளம் தெரிந்திருக்குமே, அதில் எழுதும்போது கை தட்டியதா? கிராணியிடம் பாட்டி சொன்ன முதல் வார்த்தை என்ன? பதிவில் இல்லையென்றால் பாட்டியிடமே கேளுங்கள். அவருக்கும் நினைவில்லையென்றால் நீங்களே உண்டாக்குங்கள். அந்த உரிமை நாவலாசிரியருக்கு உண்டு.

---

கூலிம் தாதி எழுதுகிறார்:

வணக்கம். ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒன்றைத் தவிர அனைத்தையும் ஏற்கிறேன். நினைவில்லாததை உண்டாக்கலாம் என்கிறார். மனிதர்களின் மனத்தை உண்டாக்கலாம். காலத்தை உண்டாக்கக் கூடாது. தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் படிப்பார்கள், ஒரு பிழையைக் கண்டால் மற்றப் பக்கங்களையும் நம்ப மாட்டார்கள்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். இன்று நம் வட மாநிலங்களில் ஏழு மணியைத் தாண்டித்தான் சூரியன் எழுகிறது. 1978இல் அதே சூரியன் கடிகாரத்தில் ஆறரை மணியைச் சற்றே கடந்தபோது எழுந்தது. ஆகவே 1978இல் காலை ஆறரை மணிக்குப் பால்மரங்கள் நிற்கும் தீம்பாருக்குள் வெளிச்சம் கசியத் தொடங்கியிருக்கும். 1990இல் அதே ஆறரை மணிக்கு நெற்றிவிளக்கு இல்லாமல் வெட்டுக்கோட்டைப் பார்க்க முடியாது. ஜப்பானியர் காலத்திலோ கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு ஓடின. அப்போதைய ஏழு மணி நடு இருட்டு. என் முதல் நாவலில் 1975ஆம் ஆண்டுக் காட்சி ஒன்றில் ஆறே முக்கால் மணிக்கு இருட்டு என்று எழுதியிருந்தேன். வெளியீட்டு விழாவுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், அம்மா, அந்த நேரத்துக்கு நாங்கள் இரண்டு நிரையை முடித்துவிட்டு வெளிச்சத்தில் நிற்போம் என்று மெதுவாகச் சொன்னார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பழைய நாளிதழ்களைப் பாருங்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய இதழ்களைத் தேடிப் பாருங்கள். சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் தமிழ் முரசையும் அக்கால ஆங்கில நாளிதழ்களையும் வீட்டிலிருந்தே படிக்க முடிகிறது. ஆனால் இதைக் காலையில் செய்யாதீர்கள். காலை எழுதுவதற்கு, தேடுவது மாலையில். எழுதும்போது ஓர் ஆண்டோ விலையோ தெரியவில்லையென்றால் அந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். தேடுவதற்காக எழுந்தால் அன்றைக்கு எழுத்து முடிந்தது என்று பொருள்.

நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான்கு கோப்புகளும் பன்னிரண்டு பக்கத்தில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் மருத்துவமனையில் முறைமாற்றி வேலை செய்பவள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். காலை நாலரை மணிக்கு எழுந்து, பசியாறுவதற்கு எதையும் எடுத்து வைப்பதற்கு முன், 300 சொற்கள் எழுதுவேன். இரவு வேலை நாட்களில் எழுத மாட்டேன். வாரத்துக்கு நான்கு நாட்கள் என்றாலும் 1,200 சொற்கள். ஒன்பது மாதத்தில் 45,000 சொற்களைத் தாண்டிவிட்டேன். வெளிநாட்டு நூல்களில் நாவல் என்றால் 80,000 சொற்கள், 90,000 சொற்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து மலைத்துப் போக வேண்டாம். ‘வரவேண்டியிருந்தவர்களுக்காகவும்’ என்பது தமிழில் ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஆறேழு சொற்கள் தேவைப்படும். நமக்கு 45,000 சொற்களே நிறைவான நாவல்.

முதல் நாள் எழுதியதை இரண்டாம் நாள் திருத்தாதீர்கள். கடைசி இரண்டு வரிகளை மட்டும் படித்துவிட்டுத் தொடருங்கள். அத்தியாயம் 1 நான்கு முறை பிறந்ததற்கும் அத்தியாயம் 2 ஒருமுறைகூடப் பிறக்காததற்கும் காரணம், ஒவ்வொரு முறையும் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜன்னல் கதவில் தொடங்கினாலும் இந்த ஆபத்து இருக்கிறது.

உறவினர்களைப் பற்றி. இது எனக்கு வலித்த இடம். என் நாவலில் ஒரு பெண் தன் தாலிக்கொடியை அடகு வைத்து அண்ணன் மகளைப் பரீட்சைக்கு அனுப்புவாள். பெயரை மாற்றினேன், தோட்டத்தை மாற்றினேன், பையனைப் பெண்ணாகக்கூட மாற்றினேன். ஆனால் அடகுக்கடைக்குப் போகும்போது கழுத்து வெறுமையாகத் தெரியாமல் மஞ்சள் கயிற்றில் ஒரு பொத்தானைக் கோத்துக்கொண்டாள் என்ற ஒரு வரியை மாற்றவில்லை. என் அத்தைக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. அவருடைய கோபம் நான் பொய் சொன்னதால் வந்ததன்று. யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிய ஒன்றை ஊருக்குச் சொல்லிவிட்டேன் என்பதால் வந்தது. பெயர் அடையாளம் அன்று. அந்தப் பொத்தான்தான் அடையாளம். ஆகவே அச்சுக்குப் போவதற்கு முன், உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கமான செய்தி எதுவாக இருந்தாலும் அவர்களிடமே உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். எழுதும்போது கேட்காதீர்கள், எழுதிய பிறகு கேளுங்கள். எழுதும்போது கேட்டால் எழுத மாட்டீர்கள்.

இன்னொன்று: அந்த 14 மணி நேரப் பதிவை இன்றே மூன்று இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

---

கோலாலம்பூர் மெய்ப்புத் திருத்துநர் எழுதுகிறார்:

வணக்கம் அக்கா. நான் தமிழ் நூல்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன். நாவல் எழுதியவன் அல்லன். மொழியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் என்னால் உதவ முடியும்.

என்னிடம் வரும் முதல் நாவல்களில் பெரும்பாலானவை கதைசொல்லலை எழுத்துத் தமிழிலும் உரையாடலைப் பேச்சுத் தமிழிலும் வைக்கின்றன. அது நல்ல வழக்கம்தான். சிக்கல் அங்கே இல்லை. எழுதுபவர்கள் எழுத்துத் தமிழுக்கு வந்தவுடன் தங்கள் தோட்டத்துச் சொற்களைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பதுதான் சிக்கல். பெரட்டு, ‘காலை வருகைப் பதிவு’ ஆகிவிடுகிறது. மங்கு, ‘சிறு கிண்ணம்’ ஆகிவிடுகிறது. பசியாறுவது, ‘காலை உணவு உண்பது’ ஆகிவிடுகிறது. வாக்கியம் எழுத்துத் தமிழாக இருப்பதற்குச் சொல்லை நாடு கடத்தத் தேவையில்லை. ‘பாட்டி பசியாறிவிட்டுக் காண்டா வாளியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்’ என்பது குறையற்ற எழுத்துத் தமிழ் வாக்கியம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புரிய வேண்டுமே என்று அடைப்புக்குறியில் பொருள் எழுதுகிறார்கள். லயம் என்றால் தாளம் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் அடைப்புக்குறி வந்த இடத்தில் கதை நின்று, ஆசிரியர் வெளியே வந்து நின்றுவிடுகிறார். பொருளைச் செயலுக்குள் வையுங்கள். ‘மணி அடிப்பதற்குள் பெரட்டில் வந்து நிற்காதவர்களுக்கு அன்று மரம் கிடையாது’ என்று எழுதினால், பெரட்டு என்ற சொல்லை அதுவரை கேட்டிராத ஒருவருக்கும் அது என்ன, ஏன் அதற்கு ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு புதிய சொல்லை முதன்முறை இப்படிப் பொருள் விளங்க வைத்துவிட்டால் அடுத்த முந்நூறு பக்கமும் கவலையில்லை.

உரையாடலில் எல்லாரையும் ஒரே மாதிரி பேச வைக்காதீர்கள். கிராணிமார்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தவர்களும் நிறைய இருந்தார்கள். உங்கள் கிராணி யார்? அவருடைய தமிழும் பாட்டியின் தமிழும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. பதிவில் பாட்டி அவரைப் போலப் பேசிக் காட்டியிருந்தால் அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

தட்டச்சுக்கு முரசு அஞ்சலோ கைப்பேசியில் செல்லினமோ போதும். இரண்டும் நம் நாட்டில் பிறந்தவை. எதில் எழுதினாலும் ஒருங்குறியில் எழுதுங்கள். பழைய எழுத்துருவில் அடித்து வரும் படிகளை மாற்றும்போது ஒற்றுகள் இடம் மாறி, ஒவ்வொரு பக்கத்தையும் மீண்டும் படிக்க வேண்டியிருக்கிறது. அச்சு, வெளியீட்டு விழா, தேசிய நூலகத்தில் ஐஎஸ்பிஎன் எண் பெறுவது ஆகியவற்றையெல்லாம் நாவல் முடிந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

---

சிப்புட் வாசகி எழுதுகிறார்:

மூவருக்கும் என் நன்றி. பதிவை மூன்று இடங்களில் படியெடுத்துவிட்டேன், அக்கா.

நேற்று மாலை பாட்டியோடு உட்கார்ந்து ஜன்னலைப் பற்றி மட்டும் கேட்டேன். சமையலறையின் பின்பக்கத்து ஜன்னல். 1993இல் நான் முதலாம் ஆண்டில் சேர்ந்த வாரத்தில் தாத்தா அதைக் கழற்றியிருக்கிறார். அதற்குப் பதிலாக ஓர் அரிசிச் சாக்கைப் பிரித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். 1995இல் தாத்தா இறந்துவிட்டார். கீல் இருந்த பள்ளத்தைப் பற்றி ஐயா கேட்டிருந்தீர்கள். எனக்கே மறந்திருந்தது, படித்தவுடன் விரல்களுக்கு நினைவு வந்தது. அந்தப் பள்ளத்தில் என் பென்சில் உருளாமல் நிற்கும். அதற்காகவே தாத்தா அந்தப் பக்கத்தை என் வலக்கைப் பக்கமாக வைத்தார் என்று அம்மா சொல்வார்.

இன்று காலை நாலரை மணிக்கு எழ முடியவில்லை. ஐந்தேகாலுக்கு எழுந்து எழுதினேன். கூச்சமாக இருந்தாலும் அப்படியே தருகிறேன்:

“அது எங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாத சோகமான நாள். காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்தது. கிராணி முதலில் விளக்குக் கூடுகளை எண்ணினார். இரண்டு. பிறகு தண்ணீர்க் குழாய், ஒன்று. கதவு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எண்ணியதையெல்லாம் தாளில் குறித்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார். பாட்டி அடுப்புக்குப் பக்கத்தில், சாக்கைப் பார்க்காமல் நின்றார். நான்கு வருட மழையிலும் புகையிலும் அந்தச் சாக்கு கறுத்துப் போயிருந்தது.

‘இங்க ஒரு கதவு குறையுதே?’

‘குறையல. இருக்கு.’

‘எங்க இருக்கு?’

‘படிக்குது.’

பாட்டியின் கண்களில் கண்ணீர்த் துளிகள் அரும்பின.”

---

தைப்பிங் ஆசிரியர் எழுதுகிறார்:

சகோதரி, இதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். ‘படிக்குது’ என்ற சொல் பாட்டி சொன்னதா, நீங்கள் உண்டாக்கியதா என்று கேட்க மாட்டேன்.

கூலிம் தாதி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். காலத்தைப் பற்றி நான் அலட்சியமாகச் சொல்லிவிட்டேன்.

நாவல் முடிந்த பிறகு செய்ய வேண்டிய திருத்தம்தான் இது. ஆனாலும் இப்போதே சொன்னால் இனி வரும் பக்கங்களுக்கு உதவும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘கிராணி முதலில் விளக்குக் கூடுகளை எண்ணினார்’ என்பதில் நாவல் தொடங்கட்டும். ஒரு வீட்டை ஒருவர் விளக்கு, குழாய், கதவு என்று எண்ணிக் குறித்துக்கொள்வதைப் பார்க்கும்போதே வாசகருக்கு நெஞ்சு கனத்துவிடும். சோகமான நாள் என்று நீங்கள் முன்கூட்டிச் சொன்னால் அவருடைய வேலையை நீங்கள் பிடுங்கிக்கொண்டதாகிவிடும். கண்ணீரும் அப்படித்தான். ‘படிக்குது’ என்று சொல்லும் பெண் அந்த நேரத்தில் அழுதிருக்க மாட்டார். சாக்கைப் பார்க்காமல் நின்றார் என்று எழுதினீர்களே, அது போதும். அந்தச் சொல்லோடு நிறுத்தி, அடுத்த வரியைக் கிராணிக்குக் கொடுங்கள்.

அதற்கு ஒன்று தேவைப்படுகிறது. கிராணியைப் பற்றி உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. தாளோடு வந்த ஆளாகவே நிற்கிறார். அவர் கெட்டவராக ஆகிவிட்டால் இந்த நாவல் ஐம்பது பக்கத்தில் முடிந்துவிடும். பலகையைக் கணக்கில் எழுதாமல் விட்டால் அவருக்கு என்ன ஆகும்? யாருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்? தோட்டம் செம்பனைக்கு மாறியபோது அவர் எங்கே போனார்? தமிழ்ப் புனைவுகளில் கிராணி பெரும்பாலும் குடையோடும் அதட்டலோடும் வந்து போவார். உங்கள் பாட்டிக்கு அவரை நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்திருக்கும் அல்லவா?

---

சிப்புட் வாசகி எழுதுகிறார்:

ஐயா, மூன்று வாக்கியங்களையும் எடுத்துவிட்டேன். படித்துக் காட்டியபோது என் கணவர் எதுவும் சொல்லவில்லை. ‘அடுத்தது எங்கே’ என்று மட்டும் கேட்டார்.

கிராணியைப் பற்றி இன்று சாயங்காலம் பாட்டியிடம் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மனுசனும் அடுத்த மாசமே வீட்டை ஒப்படைச்சாரு என்றார். அவர் வீட்டை எண்ணுவதற்குத் துரையின் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் வந்தானாம். கிராணியின் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டு உள்ளே வரவில்லையாம். பாட்டி அன்று அங்கே என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்டதற்கு, சாமான் கட்டிக் கொடுக்கப் போயிருந்தேன் என்றார்.

இது பதிவில் எங்குமே இல்லை. கிராணி வீட்டு ஜன்னல்கள் கண்ணாடி என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. எத்தனை இருந்தன என்று நாளைக் காலை பாட்டியிடம் கேட்டுவிட்டு, இரண்டாம் அத்தியாயத்தை அங்கிருந்து எழுதப் போகிறேன்.